டிசம்பர் ஸ்டவுட்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
18 டிசம்பர் 1980

தம்பி எட்மண்டுக்கு,

நீ அனுப்பச் சொன்ன பெட்டி நேற்று மத்தியானம் வந்தது. பன்னிரண்டு போத்தல் டிசம்பர் ஸ்டவுட், மேலே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. கொண்டுவந்தவர் கம்பெனி லாரி டிரைவர் அப்துல் முத்தலிப். வாசலில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "கொடுக்கச் சொன்னாங்க தங்கச்சி, நான் என்ன செய்ய?" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். உன் விலாசம் அதில்தான் இருந்தது.

ஈப்போ கிளைக்கு நீ மேனேஜராகப் போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதத்தில் ஒரு வரி இல்லை. எழுதாதவன் பீர் அனுப்புகிறாய். எல்லாம் மறந்துவிட்டதோ என்னவோ, நடந்ததை நானே எழுதுகிறேன்.

போன வருஷம் டிசம்பர் பதினொன்றாம் தேதி. ஜூரோங் பீர் ஆலையில் கிறிஸ்துமஸுக்கென்று காய்ச்சிய கறுப்பு பீர், அந்த ஸ்டவுட், போத்தலில் அடைக்கத் தயாராக இருந்தது. ருசி பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியவன் நீ. தொட்டியறையில் வேலை செய்த என் வீட்டுக்காரர் உன்னிடம் வந்து, "எட்மண்ட், மூணாம் தொட்டியில மருந்து வாடை அடிக்குது. வெளிய விடாதே" என்று சொன்னார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. நீ கையெழுத்துப் போட்டாய். பத்து நாள் கழித்து பஃபலோ ரோட்டில் செல்லக்கண்ணுவின் மளிகைக்கடையில், வாசல் வெயிலில் அடுக்கியிருந்த போத்தல்கள் உள்ளே மறுபடி புளித்துப் பொங்கி வெடித்தன. அவருடைய மருமகள் லீலா பக்கத்தில் நின்று பருப்பு அளந்துகொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயது. இடது கண் போய்விட்டது.

விசாரணையில் நீ என்ன சொன்னாய்? "மருதப்பன் எனக்கு வேறு தொட்டியிலிருந்து சாம்பிள் கொண்டுவந்து கொடுத்தார்" என்று உன் மச்சான் மேலேயே பழியைப் போட்டாய். பதினேழு வருஷ வேலை ஒரே காலையில் போனது. இப்போது அவர் எங்கள் பேட்டை உணவங்காடியில் ஒரு பானக்கடையில் கிளாஸ் கழுவுகிறார்.

உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அவர் உன்னிடம் சொன்னார் என்று எழுதிக் கொடு. கம்பெனிக்கு ஒரு கடிதம், லீலாவுக்கு ஒரு கடிதம்.

உர்சுலா


ஈப்போ
4 ஜனவரி 1981

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி திரும்பி வந்ததை இங்கே அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் போனில் சொன்னார்கள். என்னை அவமானப்படுத்த நினைத்திருந்தால் அது நடந்துவிட்டது.

மச்சான் அன்று ஏதோ சொன்னார். இல்லை என்று நான் சொல்லவில்லை. போத்தல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பீர் காய்ச்சுவதற்குத் தலைவரான ஜெர்மன்காரர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். லாரி வாசலில் நின்றது. அந்தச் சத்தத்தில் எந்தத் தொட்டி, என்ன வாடை என்பது என் காதில் சரியாக விழவில்லை. விசாரணையில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவரை வேலையைவிட்டு நீக்குவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை, அக்கா.

ஒரு வருஷத்துக் கோபத்தில் நீங்கள் மற்ற வருஷங்களை எல்லாம் மறந்துவிட்டீர்கள். எழுபத்தாறில் நீங்கள் கலர் டிவி வாங்கிய கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? மூன்று வகைப் பண்டிகை பீரையும் நான் தூக்கிக்கொண்டு வந்தேன். சீனப் பெருநாளுக்குப் போடும் பொன்னிற பீர், தீபாவளிக்குப் போடும் செம்பு நிற பீர், அப்புறம் ஸ்டவுட். மச்சான் டிவி நிகழ்ச்சிப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு எதற்கு எது என்று பிரித்தார். சர்ச் கொயர் பாடும்போது பொன்னிற பீர், அரை கிளாஸ்தான். "பாட்டுக் கேக்குறப்ப வாய்ல கனமா எதுவும் இருக்கக்கூடாது" என்றார். பனி பெய்யும் ஆங்கிலப் படத்துக்கு ஸ்டவுட். அதையும் ஐஸ் பெட்டியிலிருந்து அரைமணி முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார், "ஜில்லுனு குடிச்சா வறுத்த வாசம் வெளிய வராது" என்று. நீங்கள் செய்த பழக் கேக்கை அதோடு ஒரு துண்டு கடிக்கச் சொன்னார். சிரிப்பு நாடகம் வந்தபோது, "இதுக்குச் சாதா பீர் போதும்லா, சிரிக்கிற சிரிப்புல பாதி சட்டையில கொட்டிடும்" என்றார். நீங்கள் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து கீழே உட்கார்ந்துவிட்டீர்கள்.

இன்னொன்று. நீங்கள் இந்துவைக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதாகோயில் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் உங்கள் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான். இதை நான் சொல்லிக்காட்டியதில்லை. இன்று சொல்ல வைத்துவிட்டீர்கள்.

உங்கள் தம்பி,
எட்மண்ட்


ஆங் மோ கியோ
10 நவம்பர் 1981

எட்மண்ட்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்று பத்து மாதம் இருந்தேன். சத்தத்தில் காதில் விழவில்லை என்று எழுதுபவனிடம் என்ன பேசுவது?

எதற்கு எந்த பீர் என்று அவர் சொன்னதை எல்லாம் நீ நன்றாக நினைவு வைத்திருக்கிறாய். வைத்திருக்கத்தான் வேண்டும். அதை நீ அப்படியே இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க, உன் பெயரும் படமும் போட்டு, கம்பெனி துண்டுப் பிரசுரமாக அடித்தது. எழுபத்தெட்டிலும் எழுபத்தொன்பதிலும் அது கடைக்குக் கடை தொங்கியது. செல்லக்கண்ணு கடையிலும் தொங்கியது. அதற்காக உன்னை மேடையேற்றிக் கைகுலுக்கினார்கள். அவர் பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, "நம்ம எட்மண்ட் எவ்வளவு நல்லா எழுதியிருக்கான் பாரு" என்றார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் படிக்க வராது. நான்தான் படித்துச் சொன்னேன். தான் சொன்னதைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபாவளிச் சாமான் வாங்க அவரோடு சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டு பஃபலோ ரோட்டுப் பக்கம் திரும்பினார். பின்னாலேயே போனேன். நேராகச் செல்லக்கண்ணு கடைக்குள் போய் நின்றார். கிழவர் எல்லார் காதிலும் விழும்படி, "வந்துட்டாரு, கண்ணைப் பறிச்சவரு" என்றார். லீலா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இவர் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அப்போதுதான் புரிந்தது, எங்கள் சமையலறையில் ஏன் அத்தனை உப்புப் பாக்கெட் சேர்ந்துகிடக்கிறது என்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறார்.

"எதுக்குங்க போறீங்க? திட்டு வாங்கவா?" என்றேன்.

"போகாம இருந்தா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்லா" என்றார்.

அன்று மாலை டிவியில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி. முறுக்குத் தட்டை முன்னால் வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். பாட்டு ஆரம்பிப்பதற்குள் எழுந்து நிறுத்திவிட்டார்.

உர்சுலா


ஈப்போ
21 டிசம்பர் 1982

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஒரு வருஷம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். என் மனைவி ஒரு நாள் எடுத்துப் படித்துவிட்டாள். படித்த பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அதுவும் ஒரு காரணம்.

மச்சான் சொன்னது என் காதில் விழுந்தது. சத்தம் என்று எழுதியது பொய். ஆனால் முழுப் பொய்யும் அல்ல. அன்று எனக்குக் கடுமையான சளி. மூக்கு அடைத்திருந்தது. கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், ஒன்றும் தெரியவில்லை. வாயில் ஊற்றிப் பார்த்தேன், கசப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் பயந்த சுபாவம், பெரிதுபடுத்துகிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுத்தில் மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். சளியோடு ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால், அன்று மாலையே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதிலாக மச்சானை இங்கே அனுப்புங்கள். கிடங்கில் வேலை இருக்கிறது, தங்குவதற்கு வீடும் உண்டு. கிளாஸ் கழுவவேண்டாம். நீங்களும் வாருங்கள். பழையபடி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கலாம்.

லீலாவுக்கு எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்று ஆரம்பிக்க முடியவில்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது?

எட்மண்ட்


ஆங் மோ கியோ
9 ஜனவரி 1983

எட்மண்ட்,

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். சளி என்ற இடம் வந்ததும் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எனக்குப் பயமாகிவிட்டது.

"சளியா? ஜூன் மாசத்துலேர்ந்தே அவனுக்கு மூக்கு இல்ல, உர்சுலா" என்றார்.

என்ன சொல்கிறீர்கள் என்றேன். ஸ்டவுட் கெட்டுப்போன அதே வருஷம் ஜூனில் காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாயாம். நான் அடுப்பில் பிளாச்சான் இறால் விழுதை வறுத்துவிட்டு மறந்துபோய், அது கருகிப் புகைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ஓடிவந்து கதவைத் தட்டினாள். நீ அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாயாம். உனக்கு வாசனையே தெரியவில்லை என்பது அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் டேஸ்டிங் ரூமில், சாம்பிள் கொண்டுவரும் அவரிடம் நீ, "நீங்களும் ஒரு வாய் பாருங்க மச்சான்" என்று கிளாஸை நீட்ட ஆரம்பித்தாய். நீ ஏன் நீட்டுகிறாய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்துவிட்டு முகத்தைக் காட்டினாராம். நன்றாக இருந்தால் புருவத்தை உயர்த்துவார். வாடை இருந்தால் உதட்டைச் சுழிப்பார். "அவனுக்குப் புரியணுமேன்னு கொஞ்சம் நாடகம் மாதிரியே செய்வேன்" என்றார்.

அன்று மூன்றாம் தொட்டிக்கு அவர் முகத்தைச் சுழித்தார். நீ பார்க்காத மாதிரி இருந்தாய். அதனால்தான் வாயைத் திறந்து சொன்னார்.

"இதை விசாரணையில சொல்லியிருந்தா உங்க வேலை நின்னிருக்குமே!" என்று கத்திவிட்டேன்.

"சொன்னா அவன் பொழப்பு போயிருக்கும். நம்ம கல்யாணத்துக்கு வந்தவன் அவன் ஒருத்தன்தானே" என்றார்.

நீ சொல்லிக்காட்டிய கல்யாணம்தான். அதற்கு அவர் கொடுத்தது இது. உன் கிடங்கு வேலை எங்களுக்கு வேண்டாம்.

உர்சுலா


ஈப்போ
12 மார்ச் 1984

அக்கா,

ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. தினமும் எழுத நினைத்தேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

மச்சான் சொன்னது அவ்வளவும் உண்மை. காய்ச்சலிலிருந்து எழுந்த அன்று காலை காபி குடித்தேன். சூடு இருந்தது, காபி இல்லை. மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். ருசி பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? காலை பதினோரு மணிக்கு கிளாஸ்களை வரிசையாக வைப்பார்கள். நான் மச்சான் முகத்தைப் பார்த்துத்தான் தாளில் எழுதினேன். மனுஷன் முகத்தில் எல்லாம் இப்படித் தெரிகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமாகக்கூட நினைத்தேன். எனக்காகத்தான் காட்டினார் என்பது உங்கள் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்து என்று எழுதினால் ஜெர்மன்காரர் திரும்பி வந்ததும் என்ன வாடை, எவ்வளவு என்று கேட்பார். இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி ருசி பார்க்கவேண்டும். அகப்பட்டுக்கொள்வேன். சரி என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கடைகளில் வேறு என் படம் தொங்குகிறது, கிறிஸ்துமஸ் படத்துக்கு இந்த ஸ்டவுட்தான் என்று. மூன்றாவது முறை மச்சான் என் கையைப் பிடித்தார். "உங்க வேலையைப் பாருங்க" என்று உதறினேன். போத்தல் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கெட்டுப்போயிருக்கலாம் என்பது தெரியும்.

மூக்கு இன்றுவரை திரும்பவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு டிவி முன்னால் உட்கார்ந்து மூன்று கிளாஸ் ஊற்றி வைத்தேன், அவர் வைப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ஒன்று கொஞ்சம் கனம், ஒன்று கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். படத்தில் பனி பெய்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுந்து போய் மூன்றையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. லீலாவுக்கு எழுதவில்லை. நேரில் போய்ச் சொல்வேன். சத்தியம்.

எட்மண்ட்


ஈசூன், சிங்கப்பூர்
2 செப்டம்பர் 1985

எட்மண்ட்,

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார். ஈசூனில் வீடு கிடைத்து வந்துவிட்டோம். இங்கேயும் அவர் பானக்கடையில்தான் இருக்கிறார். கடையில் சின்ன டிவி ஒன்று வைத்திருக்கிறார்கள். யாராவது, "அங்கிள், இந்த புரோகிராமுக்கு எந்த பீர் நல்லாருக்கும்?" என்று விளையாட்டாகக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்லா, எது ஜில்லுனு இருக்கோ அதைக் குடி" என்கிறாராம்.

நீ கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்கு, நீ அதில் கொடுத்திருந்த எங்கள் பழைய விலாசத்துக்கே பதில் வந்தது. நிர்வாகம் கை மாறிவிட்டதாம். எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தாள்கள் இப்போது இல்லையாம். எங்கள் தயாரிப்புகளில் நீங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள். அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

உன் நகலில் தேதியைப் பார்த்தேன். மார்ச் பத்து. நீ ஈப்போ வேலையை விட்டது பிப்ரவரி கடைசியில் என்று முத்தலிப் சொன்னார். வேலை போகும் என்று பயந்தவன், வேலையை விட்டபிறகு உண்மையை எழுதினாய். அதைக்கூட நான் சகித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அவர் வழக்கம்போல் பஃபலோ ரோட்டுக்குப் போயிருக்கிறார். கடைக்கு எதிர்ப்பக்கம், கடைவரிசையை ஒட்டிய ஐந்தடி நடைபாதைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றபோது நீ வந்தாயாம். இளைத்துப் போய், முன்பக்கம் முடி கொட்டி, கையில் ஒரு பையோடு. அவர் அடையாளம் கண்டுகொண்டார். நீ கடைக்குள் போனாய். "சொல்லத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். லீலா எழுந்து உன்னிடம் என்ன வேண்டும் என்று கேட்பது தெரிந்ததாம். நீ ஏதோ பேசினாயாம். அவள் ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாளாம். நீ வாங்கிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து கூட்டத்தில் போய்விட்டாய்.

அதற்கப்புறம் இவர் சாலையைக் கடந்து கடைக்குள் போனார். இன்றைக்காவது அவள் தன்னை வேறு மாதிரி பார்ப்பாள் என்று போனார், எட்மண்ட். அவள் எப்போதும்போல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏதோ வாங்க வந்திருப்பான்" என்றார். இப்போதும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை.

உர்சுலா


ஈப்போ
20 அக்டோபர் 1985

அக்கா,

நான்தான்.

சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் எழுந்து வந்து, "என்னண்ணே வேணும்?" என்று கேட்டாள். அண்ணே என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்தேன், பார்க்காத கண்ணையும் பார்த்தேன். என் வாயிலிருந்து "கற்பூரம்" என்று வந்தது. நான் கிறிஸ்தவன், எனக்கு எதற்குக் கற்பூரம்? அவள் கொடுத்துவிட்டு, "வெளியூரா? வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் நின்னுட்டுப் போங்க" என்றாள். நின்றேன். அதற்குமேல் முடியவில்லை.

மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்கில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நடந்ததை அவளுக்கு முழுதாகச் சொன்னேன், அதனால்தான். இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? எதுவும் கொண்டுவரமாட்டேன். ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். மச்சானிடம் கேளுங்கள்.

எட்மண்ட்


ஈசூன்
12 டிசம்பர் 1985

எட்மண்ட்,

லீலாவிடம் நான் சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கிழவர் செல்லக்கண்ணு படுத்த படுக்கையாக இருக்கிறார். கடையில் அவள் மட்டும் இருந்தாள். நான் மருதப்பன் மனைவி என்றேன். தெரியும் என்றாள். எதிரே மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் மூக்கு, அவர் முகம், மூன்று முறை, விசாரணை, கற்பூரம் வாங்கிப்போனவன் யார் என்பது வரைக்கும். இடையில் இரண்டு பேர் சாமான் வாங்க வந்தார்கள். அவள் எழுந்து போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆறு வருஷம்க்கா" என்றாள். "ஞாயித்துக்கிழமையானா அவரு வந்து நிப்பாரு. நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். எனக்குன்னு இருந்தது அந்தக் கோபம் ஒண்ணுதான். அதையும் தப்பான ஆளு மேல வச்சுட்டேனே."

பிறகு, "அவரு ஏன் சொல்லல?" என்றாள்.

"என் தம்பிக்காக" என்றேன்.

"நீங்க ஏன் சொல்லல?"

இதை அவள் கேட்பாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீயே வந்து சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன், உன் வாயால் வந்தால்தான் அது சரியாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். சொல்லச் சொல்லவே அது எனக்குப் பொய்யாகக் கேட்டது. நான் காத்திருந்தது உனக்காக. என் தம்பி தானாக நல்லவனாகிவிடுவான் என்று ஐந்து வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பஃபலோ ரோடு எனக்கு ஒரு பஸ் தூரம்.

"உங்க தம்பிக்காக ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க" என்றாள் லீலா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். நான் சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது. அவள் முகத்தைத் திருப்பவில்லையாம். நேராகப் பார்த்து, "இனிமே நீங்க வரவேண்டாம் அங்கிள். நீங்க வரவேண்டிய ஆளே இல்ல" என்றாளாம். அவர் வீட்டுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்து அழுதார். வேலை போன அன்றும் அழாதவர். நான் பக்கத்தில் போனபோது, "நீயா சொன்னே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என்மேல்தான் கோபம், உன்மேல் இல்லை. அந்த மனுஷனை எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை.

நீ கிறிஸ்துமஸுக்கு வருவதைப் பற்றி நேற்று கேட்டேன். கிளாஸ் கழுவிக் கழுவி வெடித்துப்போன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேணாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அதனால் வராதே. அன்று மாலை டிவியில் என்ன போடுகிறார்களோ, அதை நாங்கள் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டு பார்ப்போம். இல்லாவிட்டால் நிறுத்திவிட்டுத் தூங்கப் போவோம்.

நான் உனக்கு எழுதுவது இதுதான் கடைசி. கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டேன்.

முந்தாநாள் லீலா ஈசூனுக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே உன் முழுப் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். விலாசம் கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, ஈப்போவில் எந்தத் தெரு என்பதை இன்னொருமுறை சரிபார்த்துக்கொண்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் எழுதினால் பதில் எழுது.

உர்சுலா